தங்கக் கடத்தலுக்குக் கூலி கொடுப்பது யார்?

2024 ஜூலை 23 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தது. அன்றைய விலையில், கணக்கில் காட்டாமல் ஒரு கிலோ தங்கத்தை நாட்டுக்குள் கொண்டுவருபவருக்குச் சுங்கவரியில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் ரூபாய் மிச்சமாகிக்கொண்டிருந்தது. வரி குறைந்ததும் அது நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஒரு அதிகாரியைக்கூடக் கூடுதலாக நிறுத்தாமல், கடலில் ஒரு ரோந்துப் படகைக்கூடப் புதிதாக விடாமல், கடத்தல்காரர்களின் லாபத்தில் பாதிக்கு மேல் கரைந்துபோனது. தங்கக் கடத்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சோதனை, பறிமுதல், கைது என்றே பேசிப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்தியாவின் எழுபது ஆண்டு அனுபவத்தைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்த்தால், கடத்தலின் அளவைத் தீர்மானிப்பதில் வரி விகிதமே முதலிடம் பெறுகிறது, காவலுக்கு அதன் பின்னரே இடம் என்பது தெரியும். கடத்துபவருக்குக் கூலி கொடுப்பது, உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இடையே அரசு உண்டாக்கும் வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்தைத் தொடாத எந்தத் தடுப்பு நடவடிக்கையும் அரைகுறையாகவே முடியும்.

முதலில் பண்டத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். இந்தியா ஆண்டுக்கு 700, 800 டன் தங்கத்தை நுகரும் நாடு. கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டபின் உள்நாட்டு உற்பத்தி என்று சொல்லத்தக்கது கர்நாடகத்தின் ஹட்டியிலிருந்து கிடைக்கும் ஓரிரு டன்தான். ஆக, தேவையின் பெரும்பகுதி கடல் கடந்துதான் வந்தாக வேண்டும். மகளின் திருமணம், திடீர் மருத்துவச் செலவு, பயிர்க்கடன் என்று எல்லாவற்றுக்கும் அடகுக் கடையைத் தேடிப் போகும் குடும்பங்களுக்கு நகைதான் காப்பீடு. விலை ஏறினாலும் இந்தத் தேவை ஓரளவுக்கு மேல் சுருங்குவதில்லை. இன்னொரு புறம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கிலோ கட்டி, பல லட்சம் ரூபாய் மதிப்புடையது. உருக்கினால் அதன் பூர்வீகம் அழிந்துவிடும். விற்பனைக்கு வரும் சரக்கில் கடத்தல் தங்கம் எது, வரி கட்டிய தங்கம் எது என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. நிலையான தேவை, சிறிய உருவம், பெரிய மதிப்பு, அடையாளமின்மை ஆகிய நான்கும் சேர்ந்த பொருளுக்கு அதிக வரி போட்டால் அது எந்த வழியில் வரும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே தங்க இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த நாட்டில் அதற்கு நியாயம் இருந்தது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் நகை செய்யக்கூடாது என்றார்கள். 1968இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றமானது. மக்கள் தங்கத்தைக் கைவிடவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள்தான் பட்டறையை மூடித் தெருவுக்கு வந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் விதியை அரசு 1966இல் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. இதே காலத்தில் இந்திய விலை, உலகச் சந்தை விலையைப்போல இரு மடங்காக நின்றது. 1970 வாக்கில் துபாய், ஆண்டுக்கு 200 டன்னுக்கும் கூடுதலான தங்கத்தை முறைப்படி இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி, பத்துத் தோலா பிஸ்கட்டுகளாக மரக்கலங்களில் ஏறி இந்தியாவின் மேற்குக் கரையில் இறங்கியது. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போன ஹாஜி மஸ்தான் பம்பாயில் பெரும்புள்ளியானதும், கடத்தல்காரன் திரைப்படங்களில் கதாநாயகனாகவே ஆனதும் இந்த விலை வித்தியாசத்தின் விளைச்சல்.

காவலில் குறை வைத்ததால் இப்படி ஆயிற்று என்று சொல்ல முடியாது. 1957இலேயே வருவாய் புலனாய்வு இயக்குநரகம் தொடங்கப்பட்டுவிட்டது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பிடிபட்ட தங்கம் கடத்தப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் சுமையை வைத்திருந்தவர் தலையிலேயே ஏற்றியது. சாதாரணக் குற்றவியல் நீதிக்கு நேர் எதிரான ஏற்பாடு இது. 1974இல் வந்த காஃபிபோசா சட்டம், விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறைவைக்க அனுமதித்தது. 1976இல் வந்த சட்டம், கடத்தல்காரரோடு அவருடைய உறவினர் பெயரிலிருந்த சொத்தையும் பறிக்க வழிசெய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் பெரும்புள்ளிகள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். ஒரு குடியரசு தன் குடிமக்கள்மீது பிரயோகிக்கக்கூடிய அதிகாரத்தின் எல்லை வரை அரசு போய்ப் பார்த்தது. பெயர்கள் மாறின, இறங்குதுறைகள் மாறின. தங்கம் வருவது நிற்கவில்லை. ஒருவரைப் பிடித்தால் அவர் இடத்துக்கு வர இன்னொருவரை அழைக்கும் அளவுக்கு லாபம் அப்படியே இருந்ததே காரணம்.

அதன்பின் நடந்ததுதான் இந்த வாதத்துக்கு வலுவான சான்று. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1992இல் மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, வெளிநாட்டில் வாழும் இந்தியர் தாயகம் திரும்பும்போது குறைந்த வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. 1997இல் வங்கிகளே இறக்குமதி செய்ய அனுமதி பெற்றன. 2003இல் வரி 10 கிராமுக்கு வெறும் 100 ரூபாயாக இறங்கியது. அதுவரை மரக்கலத்தில் வந்த தங்கம் வங்கிப் பெட்டகத்துக்கு வந்தது. ஒரு தலைமுறைக் காலம் சட்டங்களாலும் சிறைகளாலும் சாதிக்க முடியாததை ஒரு வரி அட்டவணை சாதித்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய அனுபவமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலைக்கு விதிக்கப்பட்ட வரி 119 விழுக்காடு வரை ஏறியிருந்தது. கடற்கரை ஊர்கள் முழுவதுமே கடத்தலை நம்பிப் பிழைத்தன. 1784இல் பிரதமர் வில்லியம் பிட் அதை 12.5 விழுக்காடாக வெட்டியதும் கடத்தல் தேயிலையின் காலம் முடிந்தது. சட்டப்படி வந்த தேயிலையின் அளவு அடுத்த ஆண்டே இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது.

கற்ற பாடத்தை நாம் 2012இல் மறந்தோம். அவ்வாண்டு ஜனவரியில் எடைக்கேற்ப வசூலிக்கப்பட்டுவந்த வரி, மதிப்பில் 2 விழுக்காடு என்று மாற்றப்பட்டது. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 விழுக்காட்டைத் தொட, வரி படிப்படியாக ஏற்றப்பட்டு 2013 ஆகஸ்டில் 10 விழுக்காடானது. இறக்குமதியில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்கினால்தான் அடுத்த சரக்கு வரும் என்ற 80:20 விதியும் சேர்ந்துகொண்டது. கடத்தல் உடனே திரும்பி வந்தது. உலகத் தங்கக் கவுன்சில் அக்காலத்தில் கடத்தல் அளவை ஆண்டுக்கு 150 முதல் 200 டன் வரை மதிப்பிட்டது. இது தங்கத் தொழிலின் நலனைப் பேணும் அமைப்பு என்பதால் அந்த எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நிலைமையின் தன்மை மாறாது. நெருக்கடி தீர்ந்து 80:20 விதி 2014 நவம்பரில் கைவிடப்பட்டபோதும் வரி இறங்கவில்லை. 2019இல் 12.5 விழுக்காடு, இடையே சற்றுத் தளர்வு, 2022 ஜூலையில் 15 விழுக்காடு என்று ஏறவே செய்தது.

லாபம் இருக்கும்வரை சரக்கு பாதையைத் தேடிக்கொள்ளும். விமான நிலையத்தில் சோதனை இறுகினால் மணிப்பூரின் மோரே, மிசோரமின் சாம்பாய் வழியாக மியான்மர் தங்கம் வருகிறது. வங்கதேச எல்லையில் வயல் வழியாக வருகிறது. தென்கோடியில் இலங்கையும் தமிழகமும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் மீன்பிடிப் படகுகளில் வருகிறது. 2018இல் இலங்கை அரசு தங்க இறக்குமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்ததற்குச் சொன்ன காரணமே, தன் நாட்டுத் தேவைக்கு மிஞ்சி வரும் தங்கம் இந்தியாவுக்குக் கடத்தப்படுகிறது என்பதுதான். புதுதில்லி உண்டாக்கிய விலை வித்தியாசம் கொழும்பின் வரி அட்டவணையை மாற்றியது. 2023 பிப்ரவரியில் மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் வீசப்பட்ட 17 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தை முக்குளிப்பவர்களைக் கொண்டு எடுத்தார்கள். அவ்வாண்டு மே மாத இறுதியில் இரண்டு படகுகள் தொடர்பாக 32 கிலோவுக்கு மேல் பிடிபட்டது. சட்டத்துக்கு உள்ளேயே போடப்படும் பாதைகளும் உண்டு. ஐக்கிய அமீரகத்தோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தில் பிளாட்டினக் கலவைக்குக் கிடைத்த வரிச்சலுகையைப் பயன்படுத்தி, பெரும்பங்கு தங்கமாகவே உள்ள கலவை பிளாட்டினம் என்ற பெயரில் இறங்கியது. இதைக் கடத்தல் என்று சொல்ல முடியாது. ஆனால் அதையும் இயக்கியது அதே வித்தியாசம்தான்.

பறிமுதல் கணக்குகள் எதைச் சொல்கின்றன என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரப்படி 2020இல் 2,154 கிலோ, 2021இல் 2,383 கிலோ, 2022இல் 3,502 கிலோ தங்கம் பிடிபட்டது. 2023-24 நிதியாண்டில் இது சுமார் 4,900 கிலோவாக உயர்ந்தது. அதிகாரிகளின் உழைப்பில் சந்தேகமில்லை. ஆனால் வருவது நூறு டன்னை ஒட்டியது என்று கொண்டால், பிடிபடுவது அதில் சில விழுக்காடு மட்டுமே. இருபது கிலோவில் ஒரு கிலோ போய்விடும் என்ற கணக்கைக் கடத்தலுக்குப் பணம் போடுபவர் தொழில் செலவாக எழுதிக்கொள்வார். வரி குறைந்த 2024-25இல் பிடிபட்ட அளவு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பறிமுதல் குறைவது கண்காணிப்புத் தளர்ந்ததையும் காட்டலாம் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி சரியானதே. ஆனால் அதே துறை, அதே நிலையங்கள், அதே கருவிகள் இருக்கையில் ஓராண்டுக்குள் இவ்வளவு சரிவு ஏற்பட்டிருப்பதை, லாபம் சுருங்கியதை விட்டுவிட்டு விளக்குவது கடினம்.

பிடிபடுபவர் யார் என்பது அடுத்த கேள்வி. சென்னையிலும் திருச்சியிலும் இவர்களுக்குக் ‘குருவி’ என்று பெயர். பயணச்சீட்டுக்கும் கொஞ்சம் கைச்செலவுக்கும் ஆசைப்பட்டு, பசையாக்கப்பட்ட தங்கத்தை உடலுக்குள் மறைத்துவைத்து, உயிரைப் பணயம் வைத்து வருபவர்கள் இவர்கள். வளைகுடாவில் வேலை இழந்து திரும்புபவர்களும் இவர்களில் உண்டு. குருவி பிடிபட்டால் சரக்குப் போகும், குருவியின் வாழ்க்கை போகும். பணம் போட்டவர் பெயர்கூட வெளிவராது. கைது எண்ணிக்கையை வெற்றியின் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் வரை, எளிதில் பிடிக்கக்கூடிய இந்தக் கடைசிக் கண்ணிமீதே முழு பலமும் இறங்கும். காவலை எவ்வளவு இறுக்கினாலும் லாபம் பெரிதாக இருக்கையில் காவலருக்கும் விலை பேசப்படும் என்பது மற்றொரு சிக்கல். 2020இல் திருவனந்தபுரத்தில் தூதரகப் பெயரிட்ட பார்சலில் 30 கிலோ தங்கம் பிடிபட்டது. 2024இல் சென்னை விமான நிலையத்துக்குள்ளேயே இருந்த ஒரு கடையின் வழியாக இரண்டு மாதத்தில் 267 கிலோ வெளியேறியதாகச் சுங்கத்துறை தெரிவித்தது. எல்லாவற்றிலும் கொடிய பாடம் 1993 மார்ச் மாதத்து மும்பை குண்டுவெடிப்புகள். 257 உயிர்களைக் குடித்த வெடிமருந்து, ராய்கட் கடற்கரையில் கடத்தல் சரக்கு இறங்கிப் பழகிய துறைகளில்தான் இறங்கியது. லஞ்சம் வாங்கிக்கொண்டு வழிவிட்ட சுங்க அதிகாரிகளும் காவலர்களும் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். தங்கத்துக்காகத் திறந்த பாதையில் தங்கம் மட்டுமே வரும் என்று எந்த அரசும் நம்பியிருக்க முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவான மறுப்பு பொருளாதாரத் தரப்பிலிருந்து வருகிறது: தங்கம் உற்பத்திக்கு உதவாமல் பெட்டியில் தூங்கும் பொருள், அதற்காக டாலரைக் கொட்டினால் ரூபாய் சரியும், எனவே வரியால் தேவையைக் குறைப்பது கடமை என்பது அந்த வாதம். 2013இல் இது பலித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 54 பில்லியன் டாலரை ஒட்டியிருந்த இறக்குமதிச் செலவு அடுத்த ஆண்டில் 29 பில்லியனுக்கும் கீழே வந்தது, நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 1.7 விழுக்காடாகச் சுருங்கியது. அவசரத்துக்குச் செய்த மருத்துவமாக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடத்தி வரும் தங்கத்துக்கும் டாலர் கொடுத்தாக வேண்டும். அந்த டாலர் ஹவாலா வழியில் போகிறது. வளைகுடாத் தொழிலாளி வங்கி மூலம் அனுப்பியிருக்கக்கூடிய பணம் அங்கேயே தங்கமாகி, இங்கே அவர் குடும்பத்துக்கு ரூபாயாகக் கைமாறுகிறது. இறக்குமதிக் கணக்கில் குறைந்ததாகத் தெரியும் தொகையில் ஒரு பகுதி, அயலகப் பணவரவுக் கணக்கில் வராமல் போன தொகைதான். ஏட்டில் பற்றாக்குறை குறைகிறது, நாட்டில் குறைவதில்லை. மேலும், ஓராண்டு நெருக்கடிக்காக ஏற்றிய வரியைப் பதினோரு ஆண்டு காலம் வைத்திருந்ததற்கு அந்த நெருக்கடி நியாயமாகாது. மக்கள் தங்கத்தைத் தேடிப் போவது பணவீக்கத்துக்கு அஞ்சியும், நம்பகமான வேறு சேமிப்பு எட்டாததாலும்தான். அதற்கு மருந்து சுங்கச்சாவடியில் கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது: குற்றம் நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தைத் தளர்த்தினால், நாளை போதைப்பொருளுக்கும் இதே நியாயத்தைச் சொல்வார்கள் அல்லவா? இல்லை என்பதே பதில். போதைப்பொருள், வெடிமருந்து, கோயில் சிலை, செம்மரம் ஆகியவற்றின் கடத்தலில் பொருளின் பயன்பாடோ அது பறிபோவதோ சமூகத்துக்கு நேரடித் தீங்கு. அங்கே வரி என்ற பேச்சுக்கே இடமில்லை, காவல் ஒன்றே வழி. தங்கத்தை வாங்குவதும் அணிவதும் விற்பதும் சட்டப்படி சரியானவை. குற்றமெல்லாம் வரியைக் கட்டாததில் மட்டுமே இருக்கிறது. இந்த இரு வகைகளையும் ஒரே தராசில் வைப்பதால் இழப்பு முதல் வகையிலேயே நேர்கிறது. விமான நிலையத்தில் குருவிகளைத் தேடிக் களைக்கும் அதே அதிகாரி, அதே நாய், அதே ஊடுகதிர்க் கருவிதான் ஹெராயினையும் பஞ்சலோகச் சிலையையும் தேட வேண்டும். தங்கத்தில் லாபத்தைக் குறைப்பது, அந்தக் காவலை உண்மையான தீங்கின் பக்கம் திருப்பிவிடும்.

மூன்றாவது மறுப்பில் கணிசமான உண்மை இருக்கிறது: வரியைப் பூஜ்யமாக்கினாலும் கணக்கில் வராத தங்கத்தைத் தேடுபவர்கள் இருப்பார்கள், கறுப்புப் பணத்தைப் பதுக்கவும் 3 விழுக்காடு சரக்கு-சேவை வரியைத் தவிர்க்கவும் கடத்தல் தங்கம் அவர்களுக்குத் தேவை. ஆகவே வரிக் குறைப்பு மட்டும் போதாது. அதோடு சேர வேண்டிய காவல் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் நம் சிந்தனை மாற வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரையையும் எல்லையையும் காப்பதைவிட, கடத்தி வந்த கட்டி கட்டாயமாகப் போய்ச் சேரும் உலையைக் காப்பது எளிது. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தெண் அடையாளமிட்ட ஹால்மார்க் நகையைத்தான் கடைகள் விற்கலாம் என்ற விதி வந்திருக்கிறது. நகைக்கு உள்ள இந்தப் பூர்வீகக் கணக்கைச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மொத்த வியாபாரிக்கும் கட்டிக்கும் நீட்டித்து, எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு உருகியது, எவ்வளவு நகையாக வெளியே போனது என்று பொருத்திப் பார்த்தால், குருவியைத் தாண்டிப் பணம் போட்டவர் வரை விசாரணை போகும். சிறு பட்டறைக்காரரை 1963இல் நசுக்கியதுபோல மீண்டும் நசுக்காமல், பெரிய உலைகளிலிருந்து இதைத் தொடங்க வேண்டும்.

வரியிலும் 2024இல் செய்த குறைப்போடு வேலை முடிந்துவிடாது. இன்றைய வரி மதிப்பின் விழுக்காடாக இருப்பதால், தங்க விலை ஏற ஏறக் கடத்தல்காரரின் கூலியும் தானே ஏறுகிறது. கிலோ 60 லட்சமாக இருந்தபோது 15 விழுக்காடு தந்த 9 லட்சம் ரூபாயை, கிலோ ஒன்றரைக் கோடியானால் 6 விழுக்காடே தந்துவிடும். 2025இல் 10 கிராம் விலை ஒரு லட்ச ரூபாயைக் கடந்ததை நினைத்தால், இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ள முடியாது. 2012க்கு முன் இருந்ததுபோல எடைக்கு இவ்வளவு என்று நிலையான வரி வைப்பதோ, விழுக்காட்டு வரிக்குக் கிராமுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைப்பதோ இந்தத் தானியங்கி லாபத்தை நிறுத்தும். பயணிகள் உடைமை விதிகளும் விலையோடு நகர வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகள், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம் நகையை வரியின்றி அனுமதித்தன. ஆனால் அதன் மதிப்பு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டக்கூடாது என்றன. 2025இன் விலையில் அந்த 40 கிராம் நான்கு லட்சத்துக்கு மேல். உழைத்துச் சேர்த்த வளையலைக் கையில் போட்டு வரும் பணிப்பெண்ணையும் சட்டத்தின் தவறான பக்கத்தில் நிறுத்திய அந்த விதி, சுங்கத்துறை மீதான மரியாதையைக் குறைத்து, கடத்தல் ஒரு குற்றமே இல்லை என்ற எண்ணத்தை ஊரில் வளர்த்தது.

ஆகவே தடுப்பு முயற்சியின் வரிசையை மாற்றி அமைக்க வேண்டும் என்பதே என் முடிவு. விலை வித்தியாசத்தைக் கடத்தலின் செலவுக்கும் அபாயத்துக்கும் கட்டுப்படியாகாத அளவில் வைத்திருப்பது முதல் அரண். உலையிலும் மொத்த வியாபாரத்திலும் கணக்குக் கேட்பது இரண்டாம் அரண். கடற்கரையிலும் விமான நிலையத்திலும் நிற்கும் காவல் மூன்றாவது. இதுவரை நாம் மூன்றாவதை முதலாவதாக வைத்துக்கொண்டு, அது தோற்கும்போதெல்லாம் தண்டனையைக் கூட்டினோம். அந்நியச் செலாவணி நெருக்கடி மீண்டும் வரலாம், அப்போது தங்கத்துக்கு வரி ஏற்றும் யோசனையும் திரும்பும். அந்த வரியை ஏற்றும் அறிவிப்பிலேயே அது முடியும் தேதியையும் எழுதிவைக்கும்படி நாடாளுமன்றம் கேட்க வேண்டும். தேதியில்லாத வரியின் சுமையைக் கடைசியில் சுமப்பது மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள வேதாளை போன்ற மீனவர் கிராமமும், திருச்சி விமானத்தில் வந்து இறங்கும் குருவியும், முறைப்படி வரி கட்டி விற்றுக் கட்டுப்படியாகாமல் கடையை மூடும் நகைக்கடைக்காரரும்தான்.